சாட்சிக்கு ஒரு தோடம்பழம்

என் மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருடம் நானும் படிக்கப் போனேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். விடியப் போனால் பின்னேரம்தான் வருவார். மகளுக்கு மெல்பேர்ன் நகரத்துக்கு ரயிலில் போய்வரவே நாள் சரியாகிவிடும். நகரத்துக்கு வெளியே வெரிபீயில் நாங்கள் கட்டிய புது வீட்டில் நான்கு அறைகளும் நானும் மிஞ்சினோம். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது இனி இப்படியே இருக்க முடியாது என்று தோன்றியது. சமூக சேவைத் துறையில் ஒரு டிப்ளோமாவுக்குப் பதிந்துகொண்டேன். சனிக்கிழமைகளில் வகுப்பு.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என் மகளின் வயதுக்காரர். பின்வரிசையில் என்னோடு வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் சிம்பாப்வேக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தன் நாட்டின் கிழக்கு மலைப்பக்க நகரம் ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பித்தவர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. இலங்கையில் எங்கள் ஊர் முஸ்லிம்களிடையே மூத்த பெண்ணை ராத்தா என்போம். அவரை நான் மனதுக்குள் அப்படித்தான் அழைத்தேன். பிறகு வாய்விட்டும் அழைத்தேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

மற்றவளுக்கு என் வயது. பார்த்ததும் பிலிப்பைன்ஸ்காரி என்று நினைத்தேன். கேட்டபோது, தான் சிம்ஷியன் என்றாள். நான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. அவள் மேசையில் விரலால் ஒரு கரையோரத்தைக் கீறிக் காட்டினாள். கனடாவின் மேற்குக் கரை, அலாஸ்காவுக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய ஆறு கடலில் விழும் இடம். வெள்ளையர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அவளுடைய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் வேலை தேடி வந்த ஓர் ஆஸ்திரேலியனைக் கட்டி இங்கே வந்தாள். கல்யாணம் நிலைக்கவில்லை, மகன் இங்கே வளர்ந்ததால் அவளும் இங்கேயே இருந்துவிட்டாள்.

நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர்கள் இருவரும் எங்கள் கிழக்கு மாகாணத் தமிழில்தான் எனக்குள் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பருவத்தின் பெரிய வேலை, இரண்டு சமூகங்களை எடுத்து அவற்றின் பொருளாதார, சமூக நிலைகளை ஒப்பிட்டு வகுப்பின் முன் பேசுவது. எங்கள் இளம் ஆசிரியர் பின்வரிசையைப் பார்த்து, உங்களுக்கு வேலை சுகம், இரண்டு சமூகமும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, மூன்றாவது ஆள் எழுதினால் போதும் என்றார். அப்படித்தான் நான் எழுதுகிறவளானேன்.

முதல் முறை நூலகத்தில் கூடினோம். வருமானம், வேலை, வீடு, சுகாதாரம், கல்வி என்று தலைப்புகளை இட்டு நான் கணினியைத் திறந்து வைத்திருந்தேன். ராத்தா ஆசிரியை அல்லவா, வகுப்பில் சொல்லி எழுதவைப்பதுபோல் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். சிம்பாப்வேயின் பக்கம் நிரம்பியது. மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. சிம்ஷியன் தோழி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுமையிழந்த ராத்தா, கனடாதானே, எல்லாத்துக்கும் நல்லம் என்று போடு, மிச்ச வேலையைப் பார்ப்போம் என்றார்.

"கனடாவுக்கு நல்லம்தான்," என்றாள் அவள், மெதுவாக. "அத எனக்கெண்டு எழுதாதீங்க."

கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, நூலகத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றுப்பக்கம் நடக்கப் போய்விட்டாள். ராத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அவளுடைய கடவுச்சீட்டை நீட்டினால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும், என்னுடையதை நீட்டினால் ஓரமாக நில் என்கிறார்கள், அவளுக்கு என்ன குறை என்று என்னிடம் முணுமுணுத்தார். எனக்கு இருவர் மீதும் பரிவாக இருந்தது.

அடுத்த கிழமை இருவரையும் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டேன். நூலகத்தின் அமைதி எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று காரணம் சொன்னேன். சோறும் பருப்பும் மீன் ஆணமும், அதாவது குழம்பும், ஆக்கி, நெத்தலிக் கருவாட்டை வெங்காயம், செத்தல் மிளகாயோடு பொரித்தேன். அயல் வீட்டு வெள்ளைக்காரருக்காகக் குசினி யன்னலைப் பூட்டிவிட்டுப் பொரிப்பது என் வழக்கம். அதனால் வீடு முழுக்கக் கருவாட்டு மணம். வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சிம்ஷியன் தோழி வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். தன் தாய்மாமன் மீனுக்குப் புகைபோடும் கொட்டிலுக்குள் நுழைந்தது போலிருக்கிறது என்றாள். ராத்தா நேரே குசினிக்குப் போய்ச் சட்டியிலிருந்து ஒரு நெத்தலியை எடுத்து வாயில் போட்டு, இது எங்கள் ஏரி மீன் அல்லவா, யார் உன்னிடம் கொடுத்தது என்று கேட்டார். அவர்களுடைய நாட்டில் கடலே இல்லை. ஒரு பெரிய ஏரியில் பிடித்துக் காயவைத்த குஞ்சு மீன்தான் ஏழை எளியவர்களுக்கெல்லாம் கறி.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சிம்ஷியன் தோழி தானாகப் பேசத் தொடங்கினாள். ஆற்றங்கரையில் வரிசையாக மீன் டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள் இருந்தனவாம். தாயும் சின்னம்மாமாரும் அங்கே மீன் வெட்டியவர்கள். ஒவ்வொன்றாக மூடப்பட்டன. படகுகளின் மீன்பிடி உரிமங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய கம்பெனிகளின் கைக்குப் போயின. ஊரில் வீடுகள் நிற்கின்றன, ஆறு ஓடுகிறது, வேலைதான் இல்லை. இளையவர்கள் வன்கூவர் போகிறார்கள். சிலர் அங்கே தொலைந்து போகிறார்கள். தாயைச் சிறு வயதில் அரசாங்க ஆட்கள் வந்து ஒரு விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சொந்த மொழியில் பேசினால் அடி. அந்த அடியை நினைத்து, தாய் தன் பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ராத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய கதை வந்தது. பள்ளிக்கூடத்தில் சம்பளம் கிடைக்கும். அதோடு கடைக்கு ஓட வேண்டும். பின்னேரமானால் விலைகள் ஏறி அது வெறும் தாள். கணிதம் படிப்பித்தவர் எல்லை தாண்டிப் போய்த் தென்னாப்பிரிக்காவில் தோட்ட வேலை செய்தார். ஆங்கிலம் படிப்பித்தவர் இங்கிலாந்தில் முதியவர்களைக் குளிப்பாட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் அவர்களுடைய தொலைபேசிக்குக் காத்திருந்தார்கள்.

"எங்கட காசு செத்துப்போச்சு, பாஷை உயிரோட இரிக்கு," என்றார் ராத்தா. "உங்கட காசு உயிரோட இரிக்கு. பாஷைதான்…"

சொல்லவந்ததைச் சொல்ல மனம் வராமல் நிறுத்திக்கொண்டார்.

"சாகல்ல ராத்தா," என்றாள் அவள். என்னைப் பார்த்து அவளும் ராத்தா என்று அழைக்கப் பழகியிருந்தாள். "நோயில கிடக்கு. பார்க்க ஆக்கள் வேணும்."

பிறகு ராத்தா தன் அப்பாவின் ஊரைப் பற்றிச் சொன்னார். வெள்ளையர் ஆண்ட காலத்தில் நல்ல நிலத்தையெல்லாம் தங்களுக்கு எடுத்துக்கொண்டு, கல்லும் மணலுமான பகுதிகளை ஒதுக்கி, கறுப்பர்கள் அங்கே இருங்கள் என்று விட்டார்கள். அதற்கு ரிசேர்வ் என்று பெயர். வெள்ளையர் போய்விட்டார்கள், சட்டமும் போய்விட்டது. ஆனால் கிழவர்கள் இன்றும் ஊருக்குப் போவதை 'மருசேவா'வுக்குப் போவது என்றுதான் சொல்வார்களாம். ரிசேர்வ் என்பது அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

சிம்ஷியன் தோழி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாங்களும் ஊரை 'ரெஸ்' என்றுதான் சொல்வோம், அதே சொல்தான் என்றாள். அவர்களுடைய ஊரும் அப்படி ஒதுக்கி விடப்பட்ட துண்டுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்தின் இரண்டு ஓரங்களில், அதே ஆங்கிலச் சொல்லை இரண்டு கூட்டம் மனிதர்கள் மென்று மென்று வீடு என்று அர்த்தம் வரும்படி ஆக்கியிருக்கிறார்கள். முதலில் சிரித்தது ராத்தாதான். சிரித்துக்கொண்டே கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தார். நூலகத்தில் சொன்னதற்கு மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வேலை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. ஒரு நாள் வம்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சிம்ஷியன்களுக்குக் குலம் தாய் வழி. அவள் திமிங்கிலக் குலம். அவளுடைய மகனும் அதே. குலத்துக்குரிய ஒரு பெயரை விருந்து வைத்து, ஊரைச் சாட்சியாக்கித்தான் மகனுக்குச் சூட்ட முடியும். இங்கே விருந்துக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். ராத்தாவுக்குக் குலம் தகப்பன் வழி, வரிக்குதிரை. இந்த வெரிபீ விலங்குப் பூங்காவில் என் சொந்தக்காரரைப் பார்க்கவே டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் முஸ்லிம்கள் என்றாலும், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் எங்களுக்குக் குடி என்று ஒன்று உண்டு, அது உம்மா வழிதான் வரும், வீடும் பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார் என்றேன். சிம்ஷியன் தோழி மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்ப நான்தான் தனிச்சுப்போனேனா என்றார் ராத்தா.

பேசவேண்டிய நாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ராத்தாவின் உம்மா ஊரில் இறந்துபோனார், எங்கள் பேச்சில் மௌத்தானார். வகுப்பின் இடைவேளையில் தொலைபேசி வந்தது. நடையோடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்த் தாங்கினேன். அழவில்லை. நான் போக ஏலாதே, நான் போக ஏலாதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ராத்தாவிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது. அதோடு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. போய்வர அனுமதி கேட்கலாம், அதற்குக் கிழமைக்கணக்கில் ஆகும் என்றார் வழக்கறிஞர். அங்கே மறுநாளே அடக்கம்.

எங்களில் ஒரு வீட்டில் மௌத்து நடந்தால் மூன்று நாளைக்கு அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சோறு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டிகளில் சோறும் இறைச்சி ஆணமும் ஆக்கி, வீட்டுக்காரரோடு எடுத்துக்கொண்டு போனேன். ராத்தாவின் வாடகை வீட்டு முற்றத்துக்குள் போனதும் திகைத்துப்போனேன். பின்வளவில் இரும்புப் பீப்பாவை வெட்டிச் செய்த அடுப்பில் தீ எரிகிறது. மூன்று பெண்கள் நீண்ட மரத்துடுப்பால் சோளக்களியைக் கிண்டுகிறார்கள். அவர்களுடைய வழக்கத்தில் சாவு வீடுதான் வருகிறவர்களுக்கெல்லாம் ஆக்கிப்போட வேண்டுமாம். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்ட தேவாலயப் பெண்கள் மேளத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மருமகள் உறவுக்காரி, கம்பை ஊன்றி, இறந்துபோன கிழவி நடந்த மாதிரியே நடந்து, அவர் திட்டுகிற மாதிரியே திட்டிக் காட்டினாள். எல்லோரும் கண்ணீரோடு சிரித்தார்கள். மௌத்து வீட்டில் குர்ஆனின் யாசீன் ஓதும் சத்தம் மட்டும் கேட்டு வளர்ந்தவள் நான். முதலில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் ராத்தாவும் சிரித்ததைப் பார்த்தேன். முதல் நாள் நடையோடையில் அடைத்துப்போய் நின்ற அழுகை அந்தச் சிரிப்போடுதான் அவருக்கு வெளியே வந்தது.

சிம்ஷியன் தோழி எனக்கு முன்பே வந்திருந்தாள். யாரிடமும் பேசாமல் வாசலில் நின்று, அங்கிருந்த வயதான அன்ரி ஒருவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"இவங்கட வாப்பாட பக்கத்து ஆக்கள் இங்க ஆரும் இரிக்காங்களா?"

யாரும் இல்லை, எல்லாரும் ஊரில் என்றார் அன்ரி. தன் ஆட்களில் ஒருவருக்கு உம்மா இறந்தால், அவர் கையால் எந்த வேலையும் செய்யக் கூடாது, தகப்பன் பக்கத்துக் குலத்தார்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்று அவள் விளக்கினாள்.

"அப்ப இண்டைக்கு நான் வாப்பாட பக்கம்," என்று சொல்லிச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அன்று முழுக்க அவள் பாத்திரம் கழுவினாள். கரி பிடித்த அண்டாக்களைப் பின்வளவில் குந்தியிருந்து தேய்த்தாள். நானும் கூட உட்கார்ந்தேன். அன்ரி வந்து பார்த்துவிட்டு, எங்களிலும் இப்படி ஓர் ஆள் உண்டு, இரத்த உறவில்லாத குடும்ப நண்பர், சாவு வீட்டில் அவர்தான் எல்லாம் பார்ப்பார், சாவிரா என்போம், நீ இந்த வீட்டுச் சாவிரா என்றார். பின்னேரம் தொலைபேசித் திரையில் அடக்கம் நடந்தது. அங்கே அப்போது காலை. சிவந்த மண்ணும், குன்றும், குடைகளும் ஆடி ஆடித் தெரிந்தன. சிம்ஷியன் தோழி ஈரக்கையோடு வந்து ராத்தாவின் பின்னால் நின்றுகொண்டாள். ராத்தா தலையைப் பின்னால் சாய்த்து அவள் வயிற்றில் வைத்துக்கொண்டார். படம் நின்று நின்று வந்தது. மண் போடும் நேரத்தில் முழுவதும் நின்றுபோயிற்று. தேவாலயப் பெண்கள் பாட்டைத் தொடங்கினார்கள்.

பேசும் நாளில் ராத்தா வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பெரிய பை ஒன்றோடு வந்தார். நான் எழுதியதை வாசித்தேன். அவர்கள் இருவரும் தங்கள் தங்கள் பகுதியைப் பேசினார்கள். வேலை, நிலம், மொழி எல்லாம் வந்தது. முடிந்தது என்று நான் உட்காரப் போகும்போது ராத்தா, இன்னும் இருக்கிறது என்றார்.

பையிலிருந்து ஒரு புதுக் கம்பளியை எடுத்தார். சிம்ஷியன்களிடம், சாவு வீட்டில் வேலை செய்தவர்களைப் பிறகு ஊருக்கு முன்னால் கூப்பிட்டு, இன்ன வேலை செய்தார் என்று சொல்லிக் கைம்மாறு கொடுப்பார்களாம். பார்த்திருப்பவர்கள் சாட்சி; சாட்சியும் வெறுங்கையோடு போகக் கூடாதாம். என் வீட்டு மேசையில் எப்போதோ சொல்லப்பட்டது இது. ராத்தா மறக்கவில்லை.

"என்ட உம்மா மௌத்தான அண்டு, நான் போக ஏலாம இருந்த அண்டு, இவ என்ட வீட்டுப் பாத்திரமெல்லாம் கழுவின," என்றார் வகுப்பைப் பார்த்து. "எனக்குப் பின்னால நிண்ட. நீங்க எல்லாரும் இதுக்குச் சாட்சி."

கம்பளியை அவள் தோளில் போர்த்திவிட்டார். பிறகு பையிலிருந்து தோடம்பழங்களை எடுத்து ஒவ்வொரு மேசைக்கும் போய் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்தார். இந்தியத் தமிழர் ஆரஞ்சு என்பதைத்தான் நாங்கள் தோடம்பழம் என்கிறோம். இளம் பிள்ளைகள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். ஆசிரியர் இரண்டு கையாலும் வாங்கினார். சிம்ஷியன் தோழி கம்பளியின் ஓரத்தைப் பிடித்தபடி எழுந்து நின்று, தன் மொழியில் நன்றி சொன்னாள். அவளுக்குத் தெரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று.

எங்களுக்குத் தேர்ச்சி கிடைத்தது. இரண்டு சமூகங்களில் எதன் நிலை மோசம் என்று முடிவுரையில் சொல்லவில்லை என்று ஆசிரியர் குறிப்பிட்டிருந்தார். அந்த முடிவுக்கு நாங்கள் வரவே இல்லையே என்று ராத்தா சொன்னார்.

அடுத்த வருடம் சிம்ஷியன் தோழி மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். அவனுக்குப் பெயர் சூட்டும் விருந்து நடந்தது. மகன் திரும்பி வந்துவிட்டான், அவள் வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில், முதிய சின்னம்மா ஒருவர் சிறுபிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பின்வரிசையில் தானும் உட்கார்ந்திருப்பதாகத் தொலைபேசியில் சொல்வாள். நான் இப்போது எங்கள் பக்கத்துச் சமூக நிலையம் ஒன்றில், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் வேலையில் இருக்கிறேன்.

ராத்தாவுக்கு நிரந்தர விசா வந்ததும் முதல் வேலையாக உம்மாவை அடக்கிய கப்றுக்குக் கல் வைக்க ஊருக்குப் போனார். திரும்பி வந்த நாளில் விமான நிலையத்துக்கு நான்தான் காரை எடுத்துக்கொண்டு போனேன். மெலிந்திருந்தார். சப்பாத்தில் சிவந்த மண் ஒட்டியிருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்தது, எல்லாம் சொல்கிறேன் என்றார். காரில் ஏறிச் சொல்லத் தொடங்குவதற்குள் தூக்கத்தில் தலை சாய்ந்துவிட்டது. நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு வழிவிட்டு ஓரமாகவே ஓட்டினேன். அவருடைய வாசலுக்கு வந்தும் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.